திறக்காத சிப்பியை விற்றவர்கள்

எங்க ஊர்த் திருவிழாவில் ஒரு ராத்திரி கட்டாயம் இன்னிசைக் கச்சேரி உண்டு. ஊர் தருவைகுளம். தெரியாதவர்களுக்கு: தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் உப்பளங்களைத் தாண்டி வரும் மீனவர் ஊர். கச்சேரியில் முதலில் மாதா பாட்டு, அப்புறம் புதுப்பாட்டு. பத்து மணிக்கு மேல் சின்னப் பிள்ளைகள் எல்லாம் தூங்கின பிறகு பழைய பாட்டு. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் சந்திரபாபு பாட்டுப் பாடாமல் கச்சேரி முடிந்ததாகச் சரித்திரமே இல்லை.

போன தடவையும் பாடினார்கள். கூட்டம் விசிலடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா சந்தோஷமாகத் தாளம் போட்டு முடித்துவிட்டு, வழக்கமான தீர்ப்பைச் சொன்னார்.

"என்னா பாட்டு! ஆனா என்ன செய்ய, குடிச்சே அழிஞ்சாம்லே. சம்பாதிச்சதக் காப்பாத்தத் தெரியல."

சின்ன வயசிலிருந்து இந்த வசனத்தை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சந்திரபாபு மட்டும் இல்லை, பழைய பாடகர் யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கதை இப்படித்தான் முடியும். ஒருவர் குடித்தார், ஒருவர் திமிர் பிடித்தவர், ஒருவர் சொந்தப் படம் எடுத்துக் கெட்டார், ஒருவருக்குப் பிழைக்கத் தெரியவில்லை. பாட்டு நல்ல பாட்டு, ஆள்தான் சரியில்லை. ஒவ்வொருவர் கதையும் ஒரு நீதிக்கதை.

எனக்கு இப்போது இந்த நீதிக்கதையில் நம்பிக்கை போய்விட்டது. காரணம், அந்தத் திருவிழா முடிந்து ரெண்டு வாரத்தில் என் கைக்கு வந்த மூணு பக்கக் காகிதம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சந்திரபாபு.

எங்க கடற்கரைக்காரர் அவர். 1927 ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா நாட்களில் தூத்துக்குடியில் பிறந்தவர். அதனால் வீட்டில் வைத்த பெயர் பனிமயதாசன். அப்பா விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர். குடும்பம் கொழும்புக்குப் போனது. பையன் அங்கேதான் வளர்ந்தான், படித்தான். மேல்நாட்டுப் பாட்டும் ஆட்டமும் காதில் விழுந்தது அங்கேதான். பிறகு சென்னை. 1947-ல் 'தன அமராவதி' என்ற படத்தில் தலைகாட்டினார். ஆனால் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் ஸ்டுடியோ வாசல்தான். 1952-ல் வாய்ப்பில்லாத விரக்தியில் ஜெமினி ஸ்டுடியோவில் உயிரையே விடப் பார்த்தார் என்பது ஊரறிந்த கதை. அந்த வருஷமே 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வாய்ப்பு வந்தது.

அதற்கப்புறம் பத்து வருஷம் மனுஷன் காட்டில் மழை. 'புதையல்', 'மணமகன் தேவை' ரெண்டும் 1957. 'சபாஷ் மீனா' 1958, அதில் ரெட்டை வேஷம். 'சகோதரி' 1959, 'மரகதம்' 1959, 'அன்னை' 1962. தொண்டையைச் சட்டென்று உடைத்து மேலே எறிந்து கீழே பிடிக்கிற யோடலிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து, அதையும் ரசிக்க வைத்தவர் அவர்தான். தனக்கு மட்டும் பாடிக்கொள்ளவில்லை. 1954-ல் வந்த 'பெண்' படத்தில் வீணை எஸ்.பாலச்சந்தருக்குப் பின்னணி பாடியிருக்கிறார். அப்புறம் எம்.ஜி.ஆரை வைத்து இயக்க ஆரம்பித்த 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. 1966-ல் சொந்தமாக இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' ஓடவில்லை. கடன். 1974 மார்ச் 8-ல் இறந்தபோது வயது 46.

குடித்தாரா? குடித்தார். கணக்குப் பார்க்காமல் செலவு செய்தாரா? செய்தார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு.

இறந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கும் அவர் பாட்டு விற்கிறது. ரெக்கார்டு போய், கேசட் போய், சிடி போய், செல்போன் வந்த பிறகும் விற்கிறது. கடைசி எட்டு வருஷம் அவர் கஷ்டப்பட்ட காலத்திலும் அந்தப் பாட்டு ரேடியோவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இசைத்தட்டு விற்றுக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவு காலம் சம்பாதித்த ஒரு சொத்து, அதை உண்டாக்கினவருக்கு அவர் கஷ்டத்தில் ஏன் கைகொடுக்கவில்லை?

பி.காம் படிக்கிற எனக்கு இது குணக்கேடு மாதிரித் தெரியவில்லை, கணக்கு முறையில் இருந்த ஓட்டை மாதிரித் தெரிகிறது.

இதைப் புரிந்துகொள்ள நான் எந்தப் புத்தகத்தையும் தேட வேண்டியதில்லை. எங்க ஊர்க் கரைக்குப் போனால் போதும். விசைப்படகு தங்கலுக்குப் போய்விட்டு வருகிறது என்று வையுங்கள். மீன் ஏலம் போகும். விழுந்த பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு. கடலில் போன ஆளுக்குக் கூலி கிடையாது, பங்குதான். மீன் குவிந்தால் அவன் பங்கும் கூடும். வெறும் படகாகத் திரும்பினால் அவனுக்கும் ஒன்றும் இல்லை. சம்மாட்டிக்குப் பெரிய பங்கு போவதில் சண்டை சச்சரவு உண்டுதான். ஆனால் "உனக்குக் கூலி கொடுத்தாச்சு, மீனைப் பற்றி நீ கேட்காதே" என்று எவனும் சொல்ல முடியாது.

இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது, முத்து. தூத்துக்குடி என்றாலே உங்களுக்கு ஞாபகம் வருகிற அதே முத்து. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். வெள்ளைக்காரன் காலத்து முறை என்ன தெரியுமா? எடுத்து வந்த சிப்பிக் குவியலில் மூன்றில் ஒரு பங்கு முத்துக் குளித்தவர்களுக்கு, மீதி அரசாங்கத்துக்கு. பணமாக இல்லை, சிப்பியாகவே. அதுவும் திறக்காத சிப்பி! உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று கொடுக்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. உடனே விற்றுக் காசாக்குவதோ வைத்திருந்து திறந்து பார்ப்பதோ அவரவர் துணிச்சல். அரசாங்கம் மூன்றில் ரெண்டை எடுத்துக்கொண்டது நியாயமா என்பது தனிப் பஞ்சாயத்து. ஆனால் மூச்சை அடக்கி முங்கினவனுக்கு, வரப்போகிற அதிர்ஷ்டத்தில் ஒரு பாத்தியதை இருக்கிறது என்பதை அந்த முறை ஒத்துக்கொண்டது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி முடித்த பாட்டும் ஒரு திறக்காத சிப்பிதான். அது ஒரு வாரத்தில் செத்துப்போகுமா, அறுபது வருஷம் வாழுமா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நம் சினிமா என்ன செய்தது? குளித்தவனுக்கு முங்கினதற்கான கூலியை மட்டும் கொடுத்துவிட்டு, சிப்பி முழுவதையும் கரையிலேயே வாங்கி வைத்துக்கொண்டது.

இது யாரோ ஒருவர் செய்த அயோக்கியத்தனம் என்று நான் சொல்லவில்லை. சட்டமே அப்படித்தான் இருந்தது. 1957-ல் வந்த நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டு எழுதினவர் உண்டு, இசை அமைத்தவர் உண்டு, ஒலிப்பதிவின் சொந்தக்காரர் உண்டு. பாடியவர்? அவருக்கு ஒரு வரி கூட இல்லை. 1977-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. படத்துக்காகப் பணம் கொடுத்து எழுதி வாங்கிய பாட்டுக்கும் இசைக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்போடு நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். நம் நாட்டில் ஜனங்கள் மயங்குவது பாடுகிறவரின் குரலில், ஆனால் சட்டமோ பாடுகிறவரைக் கண்டுகொள்ளவே இல்லை என்று வருத்தப்பட்டிருந்தார். அதற்கு மூணு வருஷத்துக்கு முன்பே சந்திரபாபு போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாடுகிறவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் லதா மங்கேஷ்கர் பாடகர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்று நின்றார். முகமது ரஃபி, பாடினோம், பணம் வாங்கினோம், அதோடு முடிந்தது என்ற கட்சி. இந்தச் சண்டையில் ரெண்டு பேரும் சில வருஷங்கள் சேர்ந்தே பாடவில்லை. 1967 வாக்கில்தான் சமாதானம். ரஃபி நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் நான் லதா கட்சி. நல்ல மனுஷன் வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பது அவருடைய பங்கை மட்டும் இல்லை, அவரை மாதிரி மார்க்கெட் இல்லாத நூறு பேருடைய பங்கையும் சேர்த்துத்தான்.

கூலி முறையில் ஜெயிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. எண்ணிக்கை. நிறையப் பாடு, நிற்காமல் பாடு, மார்க்கெட் இருக்கும்போதே பாடு. எஸ்.பி.பி. ஆயிரக்கணக்கில் பாடினார், ஜெயித்தார். அவர் உடம்புக்கும் உழைப்புக்கும் அது முடிந்தது. மற்றவர்கள்?

பி.பி.ஸ்ரீநிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். இவர் நம்ம ஆள், பி.காம் படித்தவர்! :-) 1960-களில் ஜெமினி கணேசன் திரையில் வாயசைத்தாலே அது இவர் குரல் என்று ஜனங்கள் நம்பிய காலம். 1969-க்குப் பிறகு புதுக்குரல்கள் வந்ததும் வாய்ப்புக் குறைந்தது. அவர் குடிக்கவில்லை, திமிராகப் பேசவில்லை. சென்னையில் உட்லண்ட்ஸ் டிரைவ் இன்னில், சட்டைப்பை நிறையப் பல கலர்ப் பேனாக்களோடு உட்கார்ந்து பல மொழிகளில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டல் 2008-ல் மூடப்பட்டது. அவர் 2013-ல் காலமானார். இந்தக் கதையில் எங்கே இருக்கிறது நீதி? ஒழுங்காக இருந்தவருக்கும் அதே நிலைமைதானே?

இன்னொருவர் ஏ.எம்.ராஜா. பாடகர் மட்டும் இல்லை, 'கல்யாணப் பரிசு' (1959), 'தேன் நிலவு' (1961) படங்களின் இசையமைப்பாளர். சினிமா கைவிட்ட பிறகு மேடைக் கச்சேரிகள் அவருக்குச் சோறு போட்டன. 1989 ஏப்ரலில் அப்படி ஒரு கச்சேரிக்காகத் தெற்கே வந்தபோதுதான், நம்ம வள்ளியூர் ரயில் நிலையத்தில் ரயிலடியில் விழுந்து இறந்தார். வயது அறுபதை ஒட்டி. அந்த ரயிலில் போகும் போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். முப்பது வருஷத்துக்கு முன் போட்ட மெட்டை ஊரே முணுமுணுக்கிறது, அதைப் போட்டவரோ அறுபதாவது வயதிலும் குழுவோடு ஊர் ஊராக ரயில் ஏறவேண்டியிருந்தது.

தப்பித்தவர்களும் உண்டு. எப்படித் தப்பித்தார்கள் என்று பார்த்தால் அதுவும் ஒரு பாடம்தான். எல்.ஆர்.ஈஸ்வரி. முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. சினிமாவில் வாய்ப்புக் குறைந்தாலும், அம்மன் பாட்டு என்று இன்னொரு சந்தையைப் பிடித்துக்கொண்டார். ஆடி மாசம் வந்தால் தமிழ்நாடு முழுக்க அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் லூர்து மேரிதான்! சினிமாவை மட்டும் நம்பியிருக்காமல் இன்னொரு கடலுக்குப் போய் வலை போட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கடல் என்றதும் அக்கரை ஞாபகம் வருகிறது. எங்க தாத்தா தலைமுறைக்கு ரேடியோ என்றால் இலங்கை வானொலிதான். சென்னை எங்கோ கிடந்தது, கொழும்பு இதோ பக்கத்தில். கே.எஸ்.ராஜா பேசுகிற வேகத்தை இன்றைக்கும் தாத்தா செய்து காட்டுவார். அந்த வானொலி வழியாகத்தான் எங்க கரைக்கு இலங்கைத் தமிழர்களின் பொப் பாட்டு வந்தது. கிட்டார், ட்ரம்ஸ், பைலா தாளம், நடுநடுவே சிங்களம். போர்த்துக்கீசியர் போட்டுவிட்டுப் போன மிச்சங்களில் ஒன்று இந்த பைலா. எங்க கடற்கரையில் பாதிப் பேருக்கு ஃபெர்னாண்டோ, ரோட்ரிகோ என்று பெயர் இருப்பதும் அவர்கள் விட்டுப்போனதுதான். அதனால்தானோ என்னவோ, அந்தத் தாளம் எங்க ஆட்களுக்கு அந்நியமாகவே தெரிந்ததில்லை.

அந்தப் பாட்டுகளில் எல்லைகளை எல்லாம் தாண்டிப் போனது ஏ.இ.மனோகரன் பாடிய 'சுராங்கனி'. விஷயம் ரொம்பச் சின்னது, சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்த கதை. எங்க ஊரில் அது எப்படிப் பிடிக்காமல் போகும்? 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப் படத்திலேயே அந்தப் பாட்டு வந்தது. மற்ற மொழிகளுக்கும் போனது. கல்லூரி பஸ், கல்யாண வீடு, டூர் எல்லா இடத்திலும் இன்றைக்கும் பாடுகிறார்கள். மனோகரன்? சென்னைக்கு வந்து 'சிலோன் மனோகர்' ஆகி, தமிழிலும் மலையாளத்திலும் வில்லன் வேஷம் கட்டி, மேடைக் கச்சேரி செய்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். 'சுராங்கனி' தெரியாத ஆள் என் வகுப்பில் இல்லை. மனோகரன் என்றால் "எந்த மனோகரன்?" என்று கேட்கிறார்கள்.

அதே காலத்தில் 'சின்ன மாமியே' பாட்டால் பேர் வாங்கினவர் நித்தி கனகரத்தினம். அவர் பாட்டைப் பிழைப்பாக நம்பவில்லை. விவசாயம் படித்தவர், பிறகு ஆஸ்திரேலியா போய்விட்டார். பாட்டு அவருக்குப் பிரியமாக மட்டும் இருந்தது. புத்திசாலி என்று பெரியப்பா சொல்வார். எனக்கோ இது வருத்தமான புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. ஒரு கலையில் முதல் ஆளாக நின்றவருக்கே அதை நம்பாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்றால், அந்தக் கலைக்கு நாம் என்ன விலை வைத்திருக்கிறோம்?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 'தி லயன் கிங்' (1994) படத்தில் சிங்கம் தூங்குவதைப் பற்றி ஒரு பாட்டு வருமே, எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அதன் மூலம் 1939-ல் தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் தன் குழுவோடு பதிவு செய்த 'ம்பூபே'. அந்தப் பாட்டுக்கு அவர் வாங்கியது 10 ஷில்லிங். 1962-ல் கையில் ஒன்றும் இல்லாமல் இறந்தார். பாட்டு உலகம் சுற்றிக் கோடிகளைச் சம்பாதித்தது. அவருடைய மகள்கள் வழக்குப் போட்டு 2006-ல்தான் ஒரு சமரசம் கிடைத்தது. லிண்டா குடித்து அழித்தார், திமிரால் அழிந்தார் என்று யாரும் கதை சொல்ல முடியாது. அழிப்பதற்கு அவர் கையில் 10 ஷில்லிங்தானே இருந்தது!

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் எங்கள் கணக்குப்பதிவியல் சார் விடமாட்டார்.

முதல் வாதம்: முதல் போட்டவர் தயாரிப்பாளர். படம் ஊத்திக்கொண்டால் பாடகர் பணத்தைத் திருப்பித் தருவாரா? நல்ல கேள்வி. நஷ்டத்தில் பங்கில்லாதவனுக்கு லாபத்தில் மட்டும் எப்படிப் பங்கு? ஆனால் பாருங்கள், கரையில் இதற்கு விடை இருக்கிறது. முதலில் செலவைக் கழித்துக்கொள். டீசலும் ஐஸும் போக மிச்சம் இருந்தால்தான் பங்கு. போட்ட பணம் திரும்பிவிட்ட பிறகு, நாப்பது வருஷம் கழித்து வருகிற காசைத்தான் நான் கேட்கிறேன். அதில் தயாரிப்பாளருக்கு என்ன ஆபத்து மிச்சம் இருக்கிறது?

இரண்டாவது வாதம்: பாடியவர் ஒருவர்தானா? வயலின் வாசித்தவர், தபேலா அடித்தவர், கோரஸ் பாடினவர் எல்லாம் கேட்டால்? கேட்கட்டுமே! படகில் பத்துப் பேர் போனால் பத்துப் பேருக்கும் பங்கு போடத் தெரிந்த ஊர்க்காரன் நான். பங்கு சின்னதாகலாம், இல்லாமல் போகக்கூடாது.

மூன்றாவது வாதம்தான் கஷ்டமானது. பங்கு கொடுத்திருந்தால் மட்டும் சந்திரபாபு அதையும் செலவழித்திருக்க மாட்டாரா? செலவழித்திருக்கலாம். அது அவர் பாடு. ஆனால் மாசாமாசம் வருகிற சின்னத் தொகை மொத்தமாக வருகிற பெரிய தொகை மாதிரி இல்லை. மொத்தமாக வாங்கினவன் மொத்தமாக இழக்கிறான். மார்க்கெட் போன பிறகும் மாசம் ஒரு மணியார்டர் வந்திருந்தால், எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்துச் சூதாடவேண்டிய அவசியம் வந்திருக்குமா? தெரியாது. ஆனால் ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. 1994-ல் செய்த திருத்தம் 1995-ல் அமலுக்கு வந்தபோதுதான் 'நிகழ்த்துவோர் உரிமை' என்ற சொல்லே நம் சட்டத்துக்குள் நுழைந்தது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்துகொண்டு அதற்காகப் பாடுபட்டார். அதன்படி எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உரிமை கையெழுத்துப் போட்டாலும் போகாத உரிமை ஆனது. பாடியவருக்கும், பாட்டு வணிகமாகப் பயன்படுத்தப்பட்டால் ராயல்டி உண்டு என்றது சட்டம். அடுத்த வருஷமே பாடகர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமும் பதிந்தார்கள்.

ஆனால் சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2017 மார்ச்சில் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும். அனுமதி இல்லாமல் என் பாட்டுகளை மேடையில் பாடக்கூடாது என்று. அப்போது நண்பர்கள் ராஜா கட்சி, பாலு கட்சி என்று பிரிந்து சண்டை போட்டார்கள். எனக்கு அதில் ரெண்டு பேருமே பாவமாகத் தெரிந்தார்கள். இசையமைத்தவர் தன் பங்கைக் கேட்கிறார், அதில் தப்பில்லை. பாடியவரோ, தன் குரலால் உலகம் அறிந்த பாட்டைத் தானே பாட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் பங்கு எழுதியிருந்தால் இந்த வயதில் இவர்கள் ஏன் மோத வேண்டும்? பங்கு சரியாகப் போடாத படகில்தான் அண்ணன் தம்பி சண்டை வரும்.

இப்போது அந்த மூணு பக்கக் காகிதம்.

என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறவன் ஒருவன். பெயர் வேண்டாம். நல்ல குரல். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கடலுக்குப் போன அப்பாவைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி செல்போனில் பதிந்து போட்டான். எங்க கரை முழுக்க அது பரவியது. ஒரு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஐயாயிரம் ரூபாய் தருகிறோம், கையெழுத்துப் போடு என்று ஒரு ஒப்பந்தம் அனுப்பினார்கள். மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. வீட்டில் காசு புழக்கம் இல்லாத நேரம்.

"மக்கா, நீதான பி.காம். படிச்சுச் சொல்லு. எல்லாம் இங்கிலீஷா இருக்கு."

படித்தேன். ஒரு பாட்டு இல்லை, இனிமேல் மூணு வருஷத்துக்கு அவன் எழுதப்போகிற எல்லாப் பாட்டும். நிரந்தரமாக. உலகம் முழுவதும். இப்போது இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப் போகிற எல்லா வடிவத்திலும். தொகை ஒரே தடவை. ராயல்டி என்ற சொல்லே அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது திருவிழா மேடைதான். நாப்பது வருஷம் கழித்து இதே மேடையில் இவன் பாட்டை யாரோ பாடுவார்கள். கூட்டம் விசிலடிக்கும். என் மகன் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டு, "நல்லாப் பாடுனாம்லே, ஆனா பிழைக்கத் தெரியல" என்று சொல்லுவேனா?

வணிகச் சட்டப் புத்தகத்தோடு ரெண்டு பேரும் ராத்திரி உட்கார்ந்தோம். அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். உங்களில் யாராவது பாடுகிறவர், எழுதுகிறவர் இருந்தால் உங்களுக்கும் பயன்படும்.

உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எந்தப் பாட்டு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி, எவ்வளவு தொகை, ராயல்டி எவ்வளவு என்று காகிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காலம் எழுதாவிட்டால் 5 வருஷம் என்றுதான் கொள்ளப்படும். பகுதி எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் அவர்கள் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று மெனக்கெட்டு எழுதுகிறார்கள். அந்த ரெண்டு சொல்லையும் அடித்துவிட்டுக் காலத்தையும் இடத்தையும் கேட்டு எழுது. இனி எழுதப்போகும் பாட்டுகளை இப்போது விற்காதே. ராயல்டி என்ற வரி இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. சந்தேகம் இருந்தால் ஒரு வக்கீலைப் பார், என்னை நம்பாதே, நான் இன்னும் அரியர் வைத்திருக்கிற ஆள் :-)

அவன் திருப்பி எழுதினான். நிறுவனம் முதலில் முறைத்தது. பிறகு ஒரு பாட்டுக்கு மட்டும், ஐந்து வருஷத்துக்கு, வருமானத்தில் ஒரு சதவீதத்தோடு, மூவாயிரம் ரூபாய் என்று இறங்கி வந்தார்கள். அதாவது கையில் ரெண்டாயிரம் நஷ்டம். தடைக்காலத்தில் ரெண்டாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை. அவன் அம்மா என்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று கேள்வி. வீட்டுப் பக்கம் போகக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அந்த சதவீதத்தில் அவனுக்குப் பத்து ரூபாய் வருமா, பத்து லட்சம் வருமா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. சிப்பிக்குள் சதை மட்டும்தான் இருக்கிறதோ என்னவோ. ஆனால் திறந்து பார்க்கிற நாளில் அது அவன் கையிலும் இருக்கும்.

அடுத்த திருவிழாவில் பெரியப்பா பக்கத்தில்தான் உட்காரப்போகிறேன். சந்திரபாபு பாட்டு வரும், தாளம் போடுவார், அதே வசனத்தை ஆரம்பிப்பார். இந்த முறை குறுக்கே ஒரு கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன். "பெரியப்பா, உங்க படகுல பங்கு போடாம வெறும் கூலி மட்டும் குடுத்திருந்தா, நீங்க எத்தன வருஷம் கடலுக்குப் போயிருப்பீங்க?"